கடைப்படி ஏறும் முன்

வீட்டில் செய்த பண்டத்தை நான்கு பேர் சுவைத்துப் பாராட்டினால், அதை நாற்பது பேருக்கு விற்கலாமே என்னும் எண்ணம் எழுவது இயற்கை. பொடி, ஊறுகாய், வடகம், சோப்பு, மெழுகுதிரி, துணிப்பை என்று எத்தனையோ இல்லங்களில் சிறுதொழில்கள் இப்படித்தான் பிறக்கின்றன. பிறந்தவற்றுள் பல ஓராண்டுகூட நிலைப்பதில்லை. பண்டம் தரமற்றது என்பதால் அவை மடிவதில்லை. அதைக் கடைக்காரரிடம் கொண்டுபோய்ப் பேசி, விலை பொருத்தி, பணத்தை முறையாகப் பெறும் வழியை அறியாததாலேயே பெரும்பாலானவை மடிகின்றன.

எங்கள் தெருவில் வாழும் ஒரு சகோதரியின் கதையை இங்கே சொல்ல வேண்டும். தென் மாவட்டத்துச் சிற்றூர் எங்களுடையது. அவளுடைய கணவர் வேலை பார்த்த நூற்பாலை மூடப்பட்டது. இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அரைக்கும் பருப்புப்பொடிக்குத் தெரு முழுவதும் நற்பெயர் உண்டு. 200 கிராம் பொட்டலம் ஒன்றுக்கு 50 ரூபாய் எனத் தெருவிலேயே விற்றுவந்தாள். ஒரு நாள் துணிந்து அருகிலுள்ள நகரத்தின் பெரிய கடை ஒன்றுக்குச் சென்றாள். "எப்படியாவது உதவி செய்யுங்கள் ஐயா, குடும்பம் கஷ்டத்தில் இருக்கிறது" என்றாள். கடையின் மேலாளர் இரக்கப்பட்டார். அல்லது இரக்கப்பட்டவர்போல் தோன்றினார். "அதே 50 ரூபாய்க்கு 600 பொட்டலம் கொண்டுவா" என்றார்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வளையல்களை அடகு வைத்துப் பருப்பும் மிளகாயும் வாங்கினாள். தாயும் மகளுமாகப் பதினைந்து நாள் வறுத்து, அரைத்து, பொட்டலம் கட்டினார்கள். சரக்கு போய்ச் சேர்ந்தது. பணம் மட்டும் வரவில்லை. ஒரு மாதம் என்றார்கள்; பிறகு இரண்டு மாதம் என்றார்கள். நான்காம் மாத முடிவில், காலாவதியான 130 பொட்டலங்களைத் திருப்பித் தந்து, அவற்றின் 6,500 ரூபாயைக் கழித்துக்கொண்டு, 23,500 ரூபாய் கொடுத்தார்கள். பொருளுக்கும் அரைவைக்கும் பைக்கும் பேருந்துக்கும் அவள் கையிலிருந்து செலவழித்ததோ 26,400 ரூபாய். அடகுக் கடை வட்டி தனி. இருவர் பதினைந்து நாள் உழைத்த உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இத்தனைக்கும் அந்தப் பொடியில் ஒரு குறையும் இல்லை. குறை எங்கே இருந்தது?

கல்லாவுக்கு அப்பால் இருந்து பார்ப்போம்

நம்மில் பலர் கடைப்படி ஏறும்போது நம் தேவையை மட்டுமே சுமந்து ஏறுகிறோம். கல்லாவில் அமர்ந்திருப்பவரின் தேவையை நினைப்பதில்லை. அவருடைய இடத்தில் இருந்து சற்றுப் பார்ப்போம்.

கடையின் அலமாரியில் ஓர் அங்குலம்கூடச் சும்மா இருப்பதில்லை. நம் பொட்டலத்தை வைக்க வேண்டுமானால், அங்கே ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கும் ஒன்றை ஒதுக்க வேண்டும். எனவே அவர் மனத்தில் முதலில் எழும் கேள்வி, 'இது சுவையாக இருக்குமா?' என்பதன்று, 'இது விற்காமல் கிடந்தால் என்ன செய்வது?' என்பதே. அடுத்து, 'விற்றுவிட்டால் மறுபடி கேட்கும்போது இந்த அம்மா சரக்குக் கொடுப்பாரா?' என்னும் ஐயம். பிறகு, 'அதிகாரி வந்து மாதிரி எடுத்தால் வம்பு என் தலையில் விழுமா?' என்னும் அச்சம். கடைசியாகத்தான், 'எனக்கு என்ன கிடைக்கும்?' என்னும் கணக்கு.

இந்த நான்குக்கும் விடை வைத்திருப்பவரைக் கடைக்காரர் மதிக்கிறார். விடையின்றி இரக்கத்தைக் கேட்பவருக்கு ஒரு முறை உதவுவார். அல்லது அவருடைய எளிமையைப் பயன்படுத்திக்கொள்வார். இரக்கத்தால் வைக்கப்பட்ட பொட்டலம் அலமாரியின் பின்வரிசையில் இருக்கும். இலாபத்துக்காக வைக்கப்பட்டதே கண்ணுக்கு எதிரே இருக்கும்.

விலையைக் கட்டும் விதம்

முதலில் நம் அடக்க விலை நமக்குத் தெரிய வேண்டும். அச்சகோதரி தன் கணக்கை இப்படிப் போட்டிருந்தாள்: ஒரு பொட்டலத்துக்குப் பருப்பு, மிளகாய், பூண்டு முதலியன 32 ரூபாய், எரிவாயுவும் அரைவைக் கூலியும் 5, பையும் சீட்டும் 4, போக்குவரத்து 3. ஆக மொத்தம் 44. விற்பது 50 ரூபாய்க்கு. எனவே இலாபம் 6 ரூபாய்!

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. நாளொன்றுக்கு இருவர் சேர்ந்து 40 பொட்டலம் செய்கிறார்கள். பொட்டலத்துக்குப் 10 ரூபாய் கூலி வைத்தாலும் இருவருக்கும் சேர்ந்து நாளுக்கு 400 ரூபாய்தான். அந்தக் கூலியை அவள் எழுதவே இல்லை. வீட்டுப் பெண்களின் உழைப்புக்கு விலை கிடையாது என்று நாம் பழகிவிட்டோம். அடுத்து, இருபது பொட்டலத்தில் ஒன்றாவது கிழியும், கட்டிபிடிக்கும், அல்லது திரும்பி வரும். அதற்கு 3 ரூபாய் வைக்க வேண்டும். ஆக உண்மையான அடக்கம் 57 ரூபாய். ஒவ்வொரு பொட்டலத்திலும் 7 ரூபாயை இழந்துகொண்டே, ஆதாயம் வருவதாக அவள் மகிழ்ந்திருந்தாள்!

அடக்கம் தெரிந்த பிறகு, மேலிருந்து கீழே இறங்கிவர வேண்டும். வாங்குவோர் இதற்கு என்ன விலை கொடுப்பார்கள்? அதே அளவுள்ள பிற பொடிகள் கடையில் என்ன விலைக்கு விற்கின்றன? 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் நூற்றுக்கு 20 கேட்டால் அவருக்கு 16 ரூபாய். நமக்கு வருவது 64. அடக்கம் 57 போக 7 ரூபாய் மிஞ்சும். இடையில் ஓர் ஏஜென்ட் வந்து அந்த 64 ரூபாயில் நூற்றுக்கு எட்டு எடுத்தால், நமக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 2 ரூபாய்தான். எனவே ஏஜென்டிடம் போகும் முன் விலையையோ அடக்கத்தையோ திருத்தியாக வேண்டும். வரி கட்ட வேண்டிய நிலையிலிருப்போர் அதையும் முன்னதாகவே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். "இருபது சதவீதம்" என்று கடைக்காரர் சொன்னால், எதன்மேல் இருபது என்று கேட்டுத் தெளிய வேண்டும். பொட்டலத்தில் அச்சிட்ட 80 ரூபாயின்மேல் என்றால் 16 ரூபாய். நாம் கொடுக்கும் 64 ரூபாயின்மேல் என்றால் 12 ரூபாய் 80 காசு. 3 ரூபாய் 20 காசு வேறுபாடு! 7 ரூபாய் மிஞ்சும் தொழிலில் இது ஏறத்தாழப் பாதி.

சீட்டில் இருக்க வேண்டியவை

கடைக்காரரின் அச்சத்தைப் போக்குவது பொட்டலத்தின் மேலுள்ள சீட்டு. உணவுப் பண்டம் செய்வோர், வீட்டில் செய்தாலும், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெற வேண்டும். அந்தப் பதினான்கு இலக்க எண் பொட்டலத்தில் இருக்க வேண்டும். அத்துடன் செய்தவரின் பெயரும் முகவரியும், நிகர எடை, சேர்மானங்கள், செய்த நாள், எந்நாள் வரை நன்றாயிருக்கும் என்னும் குறிப்பு, எல்லா வரிகளும் உள்ளடங்கிய அதிகபட்ச விலை, சைவ உணவைக் குறிக்கும் பச்சை அடையாளம், குறை சொல்லத் தொலைபேசி எண் ஆகியவையும் வேண்டும். பெரிய கடைகளில் கோடிட்ட பார்கோடும் கேட்பார்கள். ஐயமிருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் கேட்டுத் தெளியலாம். அழகான பை பின்னர் வரட்டும். முறையான சீட்டு முன்னர் வரட்டும்.

பேச்சு எப்படி இருக்க வேண்டும்?

காலமறிந்து போவது பாதி வெற்றி. மாதத்தின் முதல் வாரத்தில் மளிகைக் கடைக்காரருக்கு மூச்சுவிட நேரமிராது. மாலை வேளையும் அப்படியே. நண்பகலை ஒட்டிய ஓய்ந்த நேரமே ஏற்றது. போகும் முன் ஒரு முறை வெறும் வாடிக்கையாளராகச் சென்று, எந்தப் பொடி எந்த இடத்தில், என்ன விலையில் இருக்கிறது என்று பார்த்து வருவது நலம்.

நட்டத்துக்குப் பின் நம் சகோதரி உள்ளூர் மளிகைக் கடை ஒன்றுக்குச் சென்று பேசியதை அவள் வாயாலேயே கேட்டேன்.

"வணக்கம் அண்ணாச்சி. பக்கத்துத் தெருவில் பருப்புப்பொடி செய்கிறேன். இரண்டே நிமிடம் பேசலாமா?"

"பொடிதான் ஏற்கெனவே நாலு வகை கிடக்கிறதே, அம்மா!"

"பார்த்தேன் அண்ணாச்சி. நாலும் வெளியூர்ப் பொடி. அரைத்து மாதக்கணக்கில் ஆனவை. இது போன வாரம் அரைத்தது. பிரித்து முகர்ந்து பாருங்கள். விலை 80; உங்களுக்கு 64. பத்துப் பொட்டலம் வைத்துப் பாருங்கள். திங்கள்தோறும் நானே வருவேன். விற்றதற்குப் பணம் கொடுங்கள். தேதி நெருங்கியதை நானே மாற்றித் தருகிறேன்."

"பதிவு எண் இருக்கிறதா?"

"இதோ, சீட்டிலேயே இருக்கிறது. நகலும் கொண்டுவந்திருக்கிறேன்."

அவ்வளவுதான். குடும்பக் கஷ்டம் பற்றி ஒரு சொல் இல்லை. கடைக்காரரின் நான்கு ஐயங்களுக்கும் விடை இருந்தது. எண்ணிக்கை சிறியதாகையால் நட்டம் வந்தாலும் தாங்கலாம். அவர் பத்துப் பொட்டலம் எடுத்துக்கொண்டார்.

பேசும்போது பண்டத்தின் பெருமையை அடுக்குவதைவிட, அதைக் கையில் கொடுப்பது மேல். பொடியானால் சிறிது சோறும் நெய்யும் ஒரு டப்பாவில் கொண்டுபோகலாம். சோப்பானால் அங்கேயே கை கழுவச் சொல்லலாம். பிறகு நாம் பேசாமலிருந்து அவரைப் பேசவிட வேண்டும். "பை சற்றே பெரிதாக இருந்தால் தொங்கவிடலாம்" என்றோ, "100 கிராம் இருந்தால் ஓடும்" என்றோ அவர் சொல்லும் ஒரு சொல், நாம் பணம் கொடுத்தாலும் கிடைக்காத அறிவுரை. மறுமுறை அதைச் செய்துகொண்டு போனால் அப்பண்டத்தில் அவருக்கும் ஓர் உரிமை உண்டாகிவிடும்.

நான்கு பொட்டலமும் ஒரு கட்டிலும்

சிறிதாகத் தொடங்குவதைச் சிலர் இழிவாக நினைக்கிறார்கள். 1959ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், பம்பாய் நகரின் கிர்காவ் பகுதியில் ஏழு பெண்கள் தங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் அப்பளம் இட்டார்கள். முதல், கடனாகப் பெற்ற 80 ரூபாய். அவர்கள் முதலில் செய்தவை நான்கு பொட்டலங்கள். அவற்றைப் புலேஷ்வரில் தெரிந்த வணிகர் ஒருவருக்கு விற்றார்கள். லிஜ்ஜத் அப்பளம் என்று இன்று நாடறிந்த கூட்டுறவு முயற்சி அதுவே. நன்கொடை பெறுவதில்லை என்பது தொடக்கத்திலேயே அவர்கள் எடுத்த முடிவு. முதலாண்டு விற்பனை 6,196 ரூபாய். உடைந்த அப்பளங்களை விற்காமல் அண்டை அயலாருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

முதலாண்டு மழைக்காலத்தில் அப்பளம் காயவில்லை. நான்கு மாதம் தொழில் நின்றது. மறு ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பு வைத்து உலர்த்தினார்கள். மழையிலும் சரக்கு தடையின்றிப் போயிற்று. கடைக்காரரின் இரண்டாம் ஐயத்துக்கு, அதாவது 'மறுபடி கேட்டால் கிடைக்குமா?' என்பதற்கு, அந்தக் கட்டிலைவிடச் சிறந்த விடை உண்டோ?

கடைக்குள் ஆளை அனுப்புதல்

விற்காமல் கிடக்குமோ என்னும் முதல் ஐயத்தைப் போக்க இன்னொரு வழியும் உண்டு. கடைக்காரர் நம்மைவிடத் தம் வாடிக்கையாளரை நம்புகிறார். கடலூரைச் சேர்ந்த சி. கே. ரங்கநாதன், 1983இல் 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். பெரிய நிறுவனங்களின் பண்டங்கள் முன்னரே கடைகளை நிறைத்திருந்தன. அவருடைய ஆட்கள் சிற்றூர்களுக்குச் சென்று, மக்கள் முன்னிலையில் சிறுவரின் தலைமுடியை ஷாம்பூவால் கழுவிக் காட்டி, தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் செய்தார்கள். ஐந்து காலிப் பைகளைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் பை இலவசம் என்றும் அறிவித்தார்கள். முதலில் எந்த ஷாம்பூவின் காலிப் பையும் செல்லும் என்றிருந்தது. பின்னர் சிக் பை மட்டுமே செல்லும் என்றாயிற்று. மக்களே கடைக்கு வந்து பெயர் சொல்லிக் கேட்டபோது, கடைக்காரரிடம் வாதாட வேண்டிய தேவை குறைந்தது.

அவ்வளவு செலவு நமக்கு இயலாது. ஆயினும் சந்தையிலும், திருவிழாக் கடையிலும், கண்காட்சியிலும் ஒரு சிறு மேசை போட்டுச் சுவைக்கக் கொடுக்கலாம். "இது எந்தக் கடையில் கிடைக்கும்?" என்று கேட்போருக்குக் கடையின் பெயரை எழுதிய சீட்டைக் கொடுக்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுவினர், தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் 'மதி' விற்பனை நிலையங்களையும் கண்காட்சிகளையும் நாடலாம்.

'இன்று ரொக்கம், நாளை கடன்'

இந்தப் பலகை தொங்காத கடை அரிது. ஆயினும் அதே கடை நம்மிடம் சரக்கைக் கடனாகத்தான் கேட்கும்! வணிக வழக்கம் அது; கோபம் கொள்வதில் பயனில்லை. ஆனால் எத்தனை நாள் கடன் என்பதைச் சரக்கு இறங்கும் முன் எழுதி வாங்க வேண்டும். திரும்பி வரும் பொட்டலத்துக்கு யார் பொறுப்பு, எத்தனை நாளைக்குள் திருப்பலாம் என்பதும் அவ்வெழுத்தில் இருக்க வேண்டும்.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு அல்லது சிறு தொழிலிடம் பண்டம் வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிடில் பதினைந்து நாளுக்குள்ளும், ஒப்பந்தம் இருப்பினும் 45 நாளுக்கு மேற்படாமலும் பணம் தர வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேரும். முறையிட மாநிலத்தில் வசதியாக்க மன்றமும் உண்டு. இதற்குத் தேவையான உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது, கட்டணம் இல்லை. இதை அன்றே அறிந்திருந்தால் நம் சகோதரி நான்கு மாதம் அலைந்திருக்க மாட்டாள். ஆயினும் மன்றத்தின் வாசலில் முடியும் வணிகம் மீண்டும் தொடர்வது அரிது. ஆகவே நம்மால் இழந்து தாங்க முடியாத அளவுக்கு எந்த ஒரு கடைக்கும் கடன் கொடாதிருப்பதே சிறந்த காப்பு. பெரிய ஆர்டர் வந்தால், "முதலில் 60 தருகிறேன், அந்தப் பணம் வந்ததும் அடுத்த 60" என்று சொல்லத் துணிவு வேண்டும். அதைக் கேட்டு முகம் சுளிப்பவர், பின்னாளில் பணம் தரும்போதும் முகம் சுளிப்பார்.

கூட்டாளி வரும்போது

பண்டம் சிறிது ஓடத் தொடங்கியதும் கூட்டாளிகள் தேடி வருவார்கள். "மாவட்டம் முழுவதும் நானே விற்கிறேன், வேறு யாருக்கும் கொடுக்காதே" என்பார் ஒருவர். ஒப்புக்கொள்ளலாம், ஆனால் மாதம் இத்தனை பொட்டலம் எடுப்பதாக அவரும் எழுத்தில் ஒப்ப வேண்டும், ஆறு மாதத்துக்கு மட்டும் என்று எல்லையும் வேண்டும். இல்லையேல் அவர் கையைக் கட்டிக்கொண்டிருப்பார். நம் கையும் கட்டுண்டிருக்கும். "நீ செய்து கொடு, என் பெயரில் விற்கிறேன்" என்பார் இன்னொருவர். வருமானம் உறுதியாகலாம், ஆனால் நம் பெயர் வளராது. இரண்டையும் எடைபோட வேண்டும்.

"நான் பணம் போடுகிறேன்; பங்கு கொடு" என்று வருபவரிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒரு கூட்டாளி நிறுவனத்தின் பெயரால் தொழிலுக்காகப் பட்ட கடனுக்கு மற்றவரும் முழுமையாகப் பொறுப்பாவார். நம் வீட்டுப் பண்டபாத்திரம்வரை அந்தக் கடன் நீளலாம். உறவினரே ஆனாலும் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்வதில் வெட்கம் வேண்டாம். உறவு கெடாதிருக்கவே எழுத்து.

மீண்டும் கடைப்படி

நம் சகோதரியின் கதையை முடிக்கவில்லை அல்லவா? முதலில் ஒரு கடையில் பத்துப் பொட்டலம். இரண்டு மாதத்தில் எட்டுக் கடைகள். நான்கு கடைக்காரர்கள் வேண்டாம் என்று திருப்பியனுப்பினார்கள். 'ஏன்?' என்று பணிவுடன் கேட்டு, அவர்கள் சொன்னதைச் சிறு நோட்டில் குறித்துக்கொண்டாள். அவர்களுள் ஒருவர், 100 கிராம் பொட்டலம் வந்த பிறகு தாமே அழைத்து வாங்கினார். திங்கள்தோறும் கணவர் மிதிவண்டியில் சென்று சரக்கு வைத்துப் பணம் வாங்கி வருகிறார். மகள் கணக்கு எழுதுகிறாள். அதில் தாய்க்கும் மகளுக்கும் கூலி என்று ஒரு பத்தி இருக்கிறது. பத்தாம் மாதம் வளையல்கள் வீடு திரும்பின.

அண்மையில் அந்தப் பழைய பெரிய கடையிலிருந்து ஆள் வந்து, மறுபடியும் 600 பொட்டலம் கேட்டாராம். "அறுபது தருகிறேன். பணம் 30 நாளில். எழுதிக் கொடுங்கள்" என்றாளாம் அவள். ஒரு வாரம் கழித்து எழுத்து வந்தது.

கடைப்படி ஏறும் முன் வாசகர்களே, பையில் பண்டம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல், மனத்தில் கணக்கும் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கோடு ஏறியவர் தலை நிமிர்ந்தே இறங்குவார். அன்று ஒரு பொட்டலமும் விலைபோகாவிட்டாலும்கூட.